பென்சிலில் எழுதிய பெயர்

மாமாவின் பெயர் அந்த நோட்டில் பென்சிலில்தான் இருந்தது. என் அம்மாவின் தம்பி அவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே வருகைப் பதிவுக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. முதல் ஒன்பது பெயர்கள் நீல மையில். அதன் கீழே இருந்த மூன்று பெயர்கள் பென்சிலில். மூன்றில் ஒன்று அவருடையது.

அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை சம்பளம் சரியாக வந்தது, ஓவர்டைம் சரியாக வந்தது. பேனா அன்றைக்குக் கிடைக்கவில்லை போலும் என்றுகூட நினைத்திருக்கிறார். ஒரு மழைக்கால மதியம், பிராக்கெட் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒருமுறை மிதித்த பெடலுக்கு பிரஸ் இரண்டு முறை இறங்கியது. டபுள் ஸ்ட்ரோக் என்பார்கள். கிளட்ச் தேய்ந்த பழைய பிரஸ்களில் நடப்பதுதான். தகட்டைச் சரியாக நகர்த்தி வைக்கப் போன வலது கை உள்ளேயே இருந்தது. ஆள்காட்டி விரல் முழுதாகப் போயிற்று.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், தையல் செலவைக் கொடுத்தார், கையில் பத்தாயிரம் ரூபாயும் வைத்தார். மூன்று மாதம் கழித்து "வாட்ச்மேனா வந்துடு" என்றார். என் பாட்டி அந்தப் பத்தாயிரத்தை வாங்கி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். சட்டப்படி மாமாவுக்கு என்ன வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. தெரிந்த நாளில் இருந்து, எந்தத் தொழிற்பேட்டைக்குள் போனாலும் என் கண் அங்கே இருக்கும் நோட்டைத்தான் தேடுகிறது.

ஏன் ஒன்பதோடு நீல மை நின்றது? மின்சாரத்தில் இயங்கும் தொழிற்கூடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அங்கே இ.எஸ்.ஐ. கட்டாயம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் என்பது அதன் முழுப் பெயர். பத்தாவது ஆள் நோட்டில் ஏறிவிட்டால் முதலாளி பதிவு செய்ய வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். ஆகவே பல இடங்களில் பத்தாவது ஆள் வேலைக்கு வருவார், நோட்டுக்கு வரமாட்டார். அல்லது அவர் கான்ட்ராக்டரின் ஆள் ஆகிவிடுவார். அல்லது ஒரே கூரையின் கீழே தம்பி பெயரில் ஒரு கம்பெனி, மனைவி பெயரில் ஒரு கம்பெனி என்று இரண்டு பலகை தொங்கும்.

காக்களூர் சிட்கோ பேட்டைக்குள் ஒரு ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். புட்லூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைப் பக்கம் இருந்து சி.டி.எச். ரோட்டில் டூவீலரில் வருகிறவர்கள், அறையில் பத்துப் பேராகத் தங்கி நடந்தே வரும் பீகார், ஒடிசாப் பையன்கள். பிரஸ் ஷாப், லேத், பிளாஸ்டிக் மோல்டிங், பெயிண்ட், உணவுப் பொருள் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஷெட்கள். இவர்களில் எத்தனை பேரின் பெயர் எந்த மையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

2024 மே மாதக் கடைசி நாள், காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் ஆலையில் தீப்பிடித்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஆலையின் கணக்குவழக்கைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்ல வரவில்லை. இந்த இடத்தின் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல மட்டுமே அதை நினைவூட்டுகிறேன். இரும்பும் தின்னரும் கொதிக்கும் பிளாஸ்டிக்கும் சுவருக்குச் சுவர் இருக்கும் இடம் இது. இங்கே மருத்துவமும் இழப்பீடும் விருப்பம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் வராது.

நானூற்று எண்பத்தெட்டு ரூபாய்

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ. விகிதம் முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம். அதற்கு முன்பு 4.75-உம் 1.75-உமாக இருந்ததை அரசு குறைத்தது. ஆக முதலாளி கட்டுவது 488 ரூபாய், தொழிலாளியிடம் பிடிப்பது 113 ரூபாய். பன்னிரண்டு பேர் உள்ள பட்டறையில் முதலாளியின் பங்கு மாதம் 5,856 ரூபாய், ஆண்டுக்கு 70,272 ரூபாய்.

இதை மிச்சம் பிடிக்கத்தான் நோட்டில் ஒன்பது பேர். மிச்சமாகிறதா?

இ.எஸ்.ஐ. கட்டாத இடத்தில் விபத்து நடந்தால், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்து வழிவழியாக வரும் ஒரு கணக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் அட்டவணையை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மனிதக் கையை அது விரல் விரலாகப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. உழைக்கும் சக்தியில் இத்தனை சதவீதம் போயிற்று என்று பொருள்.

இதன்படி 30 வயதுக்காரருக்கு, சம்பளம் 15,000 என்றால், ஆள்காட்டி விரலுக்கு முதலாளி தன் கையில் இருந்து தர வேண்டியது ஏறத்தாழ 2,62,000 ரூபாய். அதே ஆள் வேலையில் இறந்துபோனால் குடும்பத்துக்கு ஏறத்தாழ 15,60,000 ரூபாய். ஒரு சின்ன ஷெட்டின் முதலாளிக்கு இது மெஷினை விற்றுக் கட்ட வேண்டிய தொகை. இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் இந்தப் பொறுப்பு அவர் தோளை விட்டு இறங்கி இ.எஸ்.ஐ. கழகத்தின் தோளுக்குப் போயிருக்கும். 488 ரூபாய்க்கு முதலாளி வாங்கும் பாதுகாப்பு இதுதான். இதை எந்த ஆடிட்டரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். செலவுக் கணக்கில் எழுதிக் காட்டுகிறார்கள், அந்தச் செலவு எதைத் தடுக்கிறது என்று காட்டுவதில்லை.

தொழிலாளி பக்கம் வந்தால், வித்தியாசம் இன்னும் பெரிது. ஒருமுறை கையில் கொடுக்கும் தொகை அடுத்த தீபாவளிக்குள் கரைந்துவிடும். இ.எஸ்.ஐ.யில் காயம் ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விரல் போனதற்கு அந்த 14 சதவீதக் கணக்கில், 15,000 சம்பளத்துக்கு மாதம் 1,890 ரூபாய் அளவில், ஆயுள் முழுவதும். வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. இறந்துபோனால் சம்பளத்தின் 90 சதவீதம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு மாதாமாதம் போகும். 2010-இல் சட்டம் திருத்தப்பட்டபின், வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். சி.டி.எச். ரோட்டில் இரவு ஷிப்ட் முடிந்து வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமாவுக்கு அந்த மாதப் பணம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகளில் யோசிப்பேன். அவருடைய மூத்த மகள் பிளஸ் டூவோடு நின்றிருக்க மாட்டாள்.

விபத்தைவிட அதிகம் பேருக்குப் பயன்படுவது நோய்க்காலச் சம்பளம். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, முதுகுவலி எதுவானாலும் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தின் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்ட நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம். பெண்களுக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். மருத்துவம் தொழிலாளிக்கு மட்டும் இல்லை, மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி இருக்கும் தாய் தகப்பன் என எல்லோருக்கும். முன்பே சர்க்கரை இருக்கிறதா, வயது என்ன என்று கேட்டு ஒதுக்குவதில்லை.

ஆனால் நோய்க்காலச் சம்பளம் வாங்க, ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதம் ஒரு கான்ட்ராக்டர், மூன்று மாதம் இன்னொரு கான்ட்ராக்டர் என்று மாற்றி மாற்றி அனுப்பப்படும் வடமாநிலப் பையன்கள் அடிபடுவது இங்கேதான். நடுவில் ஒரு கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் கணக்கு அறுந்துபோகிறது. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பையனுக்கு அதைச் சொல்ல அவன் மொழியில் ஆள் இல்லை.

கைக்கு எவ்வளவு?

இங்கே பழி முழுவதையும் முதலாளி தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேர வருகிற நம் பிள்ளைகள் முதலில் கேட்பது "கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான். "பிடித்தம் இல்லாம குடுங்க அண்ணா" என்று கேட்கிறவர்களும் உண்டு. பிடிப்பது 113 ரூபாய். அந்த 113 ரூபாயை விட்டுக்கொடுக்கும்போது, முதலாளி நம் பெயரில் கட்ட வேண்டிய 488 ரூபாயையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆம்பூர் பிரியாணியும் செல்போன் தவணையும் கண்ணுக்குத் தெரியும், இ.எஸ்.ஐ. கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் மருந்தகம் நன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் அரசின் மேல் எனக்குக் கோபம். திருவள்ளூர்க்காரர்களுக்குப் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றால் அயனாவரம், இல்லாவிட்டால் கே.கே.நகர். நாற்பது கிலோமீட்டர் தூரம். வில்லிவாக்கத்திலோ பெரம்பூரிலோ இறங்கி, பஸ் மாறி, வரிசையில் நின்று, அன்றைக்கே வேலை முடியாமல் மறுநாளும் வர வேண்டுமானால் இரண்டு நாள் கூலி போகும். பையில் எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துக்கொண்டு, எந்த ஜன்னல் என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கழகத்தினுடையது, மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கைக் கழகமும் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வீட்டில் குழாய் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது என்று வரும் இழுபறி இங்கேயும் வருகிறது. தொழிலாளியின் 113 ரூபாய்க்கு மரியாதை கொடுக்க வேண்டிய முதல் இடம் அந்த ஜன்னல்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கோடு உண்டு: 21,000 ரூபாய். அதற்கு மேல் மாதச் சம்பளம் வாங்குகிறவர் புதிதாக இ.எஸ்.ஐ.யில் சேர முடியாது. 2017 ஜனவரி முதல் இருக்கும் வரம்பு இது. இடையில் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது, பள்ளிக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள டை செட்டருக்கு 22,000 சம்பளம் ஏறினால், அந்த ஆறு மாதக் கணக்குக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. போய்விடும். ஆயிரம் ரூபாய் உயர்வுக்கு அவர் குடும்பத்தின் மருத்துவம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்கிறார். வயதும் நாற்பதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை எட்டிப் பார்க்கும் நேரம் அது.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே" என்று சொல்லலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கும் அது இந்த மாநிலத்தின் பெருமைகளில் ஒன்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு, 72,000-இல் இருந்து 2022-இல் உயர்த்தப்பட்ட பிறகு, 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரம். காக்களூரில் ஹெல்ப்பராகச் சேரும் பையன்கூட பல இடங்களில் அதைவிட அதிகம் வாங்குகிறான். ஆக டை செட்டர் இரண்டு வரம்புக்கும் மேலே நிற்கிறார், தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கோ கீழே நிற்கிறார்.

அவருக்காக முதலாளி செய்யக்கூடியது குழு மருத்துவக் காப்பீடு, கம்பெனிகளில் குரூப் பாலிசி என்பார்கள். கொரோனா முதல் அலையில், 2020 ஏப்ரல் 15 அன்று ஆலைகளைத் திறக்க உள்துறை அமைச்சகம் விதித்த நிபந்தனைகளில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதும் ஒன்று. அந்த வாரம் பாலிசி வாங்கிய சின்ன கம்பெனிகள் உண்டு. சில தொடர்ந்தன, சில மறு ஆண்டு புதுப்பிக்கவில்லை. குரூப் பாலிசியின் நல்ல பக்கம், பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளே பணம் கிடைக்கும். தனியாக எடுத்தால் அதற்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். குறை என்னவென்றால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கு வராது, இழந்த கூலிக்கு வராது, வேலையை விட்டால் பாலிசியும் போகும். ஆகவே இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ.க்குப் பதிலாக குரூப் பாலிசி காட்டும் முதலாளி, சட்டத்தையும் மீறுகிறார், தொழிலாளிக்குக் குறைந்ததையும் கொடுக்கிறார். இரண்டும் வேறு வேறு பாத்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. குரூப் பாலிசிக்கு அந்த விலக்கு இல்லை, 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. தன் குடும்பத்துக்கு வாங்கினால் வரி இல்லை, தன்னிடம் வேலை செய்யும் பதினைந்து பேருக்கு வாங்கினால் வரி உண்டு என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது பேருக்குக் கீழே உள்ள பட்டறைகளுக்காவது இதை நீக்க வேண்டும் என்று சிறுதொழில் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

சின்ன முதலாளியின் நிலைமையையும் நான் அறிவேன். அவர் பிராக்கெட் அடித்துக் கொடுப்பது அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு வெண்டாருக்கு, அந்த வெண்டார் கொடுப்பது பெரிய கார் கம்பெனிக்கு. நாற்பத்தைந்து நாளில் வர வேண்டிய பில் தொண்ணூறு நாளில் வரும். சம்பளத்தை நிறுத்த முடியாது, கரண்ட் பில்லை நிறுத்த முடியாது. 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய இ.எஸ்.ஐ.தான் முதலில் தள்ளிப்போகும். ஆனால் தொழிலாளியிடம் பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். கஷ்டகாலத்தில் தொடக்கூடாத பணம் அது. கார் கம்பெனிகளின் ஆடிட் ஆட்கள் வந்து இ.எஸ்.ஐ. சலானைக் கேட்கிறார்கள், நல்லது. அதே ஆட்கள் தங்கள் கம்பெனி பில்லை என்றைக்குப் பைசல் செய்தது என்பதையும் அதே மேஜையில் வைத்தால் இன்னும் நல்லது.

இந்தத் திட்டம் யாரோ போட்ட பிச்சை இல்லை என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, பேராசிரியர் பி.பி.அதார்க்கர் 1944-இல் கொடுத்த அறிக்கையில்தான் இதன் வித்து. 1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டுக்குள் அது முதலில் வந்த ஊர் கோவை, 1955-இல், மில் தொழிலாளர்களுக்கு. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இப்போது அது வந்துவிட்டது. பத்துப் பேர் என்ற கணக்கு அதிலும் தொடர்கிறது. ஆனால் ஆபத்தான தொழில் என்று அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும். பத்துக்குக் கீழே உள்ள இடங்களில் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாகவே சேரலாம்.

அந்த இரண்டாவது வாசலைத்தான் காக்களூரின் சின்ன ஷெட்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒன்பது பேர் என்று பொய் எழுதும் தேவையே இனி இல்லை. உண்மையிலேயே ஆறு பேர் இருந்தாலும் சேரலாம். பழைய பாக்கியைக் கிளறாமல் புதிதாகப் பதிவு செய்துகொள்ள 2025 ஜூலையில் கழகம் ஒரு சலுகைக் காலத்தையே அறிவித்தது. அப்படிப்பட்ட அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இணையதளத்தில் போடப்படுகின்றன. தொழிற்பேட்டை டீக்கடைச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டியவை அவை.

நம் பையன்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்களே, அங்கே வொர்க் பெர்மிட்டில் வரும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்காமல் முதலாளி அவரை வேலையில் வைக்க முடியாது. 2023 ஜூலை முதல் இது விதி. திருவள்ளூரில் இருந்து போகிறவனுக்கு அங்கே கிடைப்பதில் பாதி உறுதியாவது, ஒடிசாவில் இருந்து திருவள்ளூருக்கு வருகிறவனுக்கு இங்கே கிடைக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்றுதான் பெயர். அமாவாசைதோறும் நோய் தீர வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். விரல் போன வருஷம் பாட்டியும் கரைத்தார். மாமா அந்தப் பட்டறையிலேயே வாட்ச்மேனாகப் பதினோரு ஆண்டு இருந்தார். வாட்ச்மேனாக ஆன பிறகும் அவர் பெயர் மையில் ஏறவில்லை.

போன ஜனவரி மாதம் என் தங்கை மகன் சிட்கோவில் ஒரு மோல்டிங் கம்பெனியில் சேர்ந்தான். பொங்கலுக்கு வந்த மாமா அவனைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "இ.எஸ்.ஐ. ஐ.பி. நம்பர் வந்துடுச்சாடா கண்ணு?" என்பதுதான். பையன் போனை எடுத்துக் காட்டினான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுவிரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பத்து இலக்கத்தையும் படித்தார். பிறகு கீழே இருந்த தேதியைப் படித்தார்.

"நீ வேலைக்குச் சேர்ந்தது ஒண்ணாந் தேதிதானே?"

"ஆமா தாத்தா."

"இதுல பன்னெண்டுன்னு போட்டுருக்கு. நடுவுல பத்து நாளு நீ எங்க இருந்த? நாளைக்கே போயி மாத்தச் சொல்லு. மாத்துற வரைக்கும் மெஷின் கிட்ட கை வெக்காத."